வெப்பமும் நொதியும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாக மரக்காணம் கடற்கரை வரை விரியும் நிலப்பரப்பில் கரும்பும் நெல்லும் மணிலா எனப்படும் நிலக்கடலையும் ஆண்டு முழுவதும் வயலிலோ களத்திலோ கிடங்கிலோ ஏதேனும் ஒரு நிலையில் இருந்துகொண்டே இருக்கின்றன. மார்கழி, தை மாத இரவுகளில் 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும் காற்றின் வெப்பநிலை, அக்னி நட்சத்திர நாட்களின் நண்பகலில் 40 டிகிரியை ஒட்டி ஏறுகிறது. இந்த 20 டிகிரி இடைவெளிக்குள் பயிரிலும் விதையிலும் பாலிலும் மனித உடலிலும் நிகழும் வேதிவினைகள் எவ்வாறு மாறுகின்றன என்ற வினா, உயிர்வேதியியலில் நூற்றாண்டைக் கடந்த வினாக்களுள் ஒன்று. அவ்வினைகளை நடத்துபவை நொதிகள். நொதி என்பது உயிரணுவில் நிகழும் ஒரு குறிப்பிட்ட வினையை, தான் செலவாகிவிடாமல், பல்லாயிரம் மடங்கும் அதற்கு மேலும் விரைவுபடுத்தித் தரும் புரதம். வெப்பம் ஓரளவு வரை நொதியின் விரைவைக் கூட்டும், அதைத் தாண்டினால் நொதியைச் சிதைக்கும் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறுவது பிழையன்று. ஆனால் அந்த விளக்கம் சிதைவின் மேலேயே கண்ணை நிறுத்திவிடுகிறது. இவ்வட்டாரத்தின் விளைபொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினால், வெயிலால் நேரும் இழப்புகள் பலவற்றிற்கு நொதி கெடுவதைவிட, வேண்டாத நேரத்தில் அது மிக நன்றாக வேலை செய்வதே காரணமாக இருப்பது தெரியவரும்.

ஒரு வேதிவினை நிகழ மூலக்கூறுகள் மோதிக்கொண்டால் மட்டும் போதாது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட ஆற்றலோடு மோத வேண்டும். அந்தத் தடையளவுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். நொதி தன் செயல்மையம் என்னும் குழிவில் வினைபடும் பொருளைப் பற்றி, பிணைப்புகள் முறியவும் புதிதாகச் சேரவும் ஏற்ற நிலையில் நிறுத்தி, இத்தடையைத் தாழ்த்துகிறது. வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறும்போது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் கூடுகிறது. வினையின் விரைவோ பெரும்பாலும் இரு மடங்காகிவிடுகிறது. தடையைத் தாண்டுமளவு ஆற்றல் கொண்ட மூலக்கூறுகள் எப்போதும் சிறுபான்மையாகவே இருப்பதால், சராசரி சற்றே உயர்ந்தாலும் அச்சிறுபான்மையின் எண்ணிக்கை வெகுவாகப் பெருகுவதே இதன் காரணம். இந்த உறவைச் சமன்பாடாக வடித்த சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889இல் எடுத்துக்கொண்ட சான்று, அமிலத்தால் கரும்புச் சர்க்கரை சிதையும் வினைதான். கரும்பு விளையும் ஒரு மாவட்டத்தை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்வதற்கு வரலாற்றிலேயே ஒரு நியாயம் இருக்கிறது: வெப்பமும் நொதியும் பற்றிய தொடக்ககால அறிவின் பெரும்பகுதி சர்க்கரையிலிருந்தே பிறந்தது.

ஏறுமுகம் இவ்வாறிருக்க, இறங்குமுகத்துக்குக் காரணம் புரதத்தின் கட்டமைப்பு. நீண்ட அமினோ அமிலச் சங்கிலி ஒன்று மடிந்து சுருண்டு ஒரு வடிவம் பெறும்போதுதான் செயல்மையம் உருவாகிறது; அவ்வடிவத்தைத் தாங்கி நிற்பவை ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுக்குறைந்த பிணைப்புகள். மடிந்த நிலைக்கும் விரிந்த நிலைக்கும் உள்ள நிகர ஆற்றல் வேறுபாடு, ஆயிரக்கணக்கான அணுக்களைக் கொண்ட ஒரு மூலக்கூறுக்கு, ஒரு மோலுக்கு 20 முதல் 60 கிலோஜூல் என்ற சிறிய அளவே. இப்பிணைப்புகள் வெப்பத்தால் குலைந்து சங்கிலி விரிவதை இயல்பிழத்தல் என்பர். விரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டால், பிறகு குளிர வைத்தாலும் பழைய வடிவம் திரும்புவதில்லை.

இவ்விரண்டையும் ஒரே படத்தில் வரைந்தால் கிடைக்கும் மணி வடிவ வளைவின் உச்சியை 'உகந்த வெப்பநிலை' என்று அழைப்பது வழக்கம். அதை நொதியின் நிலையான பண்பு என்று கொள்வது தவறான புரிதல். இயல்பிழத்தலுக்கு நேரம் தேவைப்படுவதால், ஒரு நிமிடச் சோதனையில் 60 டிகிரியில் தெரியும் உச்சி, ஒரு மணி நேரச் சோதனையில் 50 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அளப்பவரின் கடிகாரத்தைப் பொறுத்து மாறும் ஓர் எண்ணை நொதியின் மேல் ஏற்றிச் சொல்வது பொருந்தாது. இந்தக் குறையை நேர்செய்ய நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் டேனியலும் அவருடைய கூட்டாய்வாளர்களும் 2001இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். செயல்படும் நொதிக்கும் முற்றிலும் சிதைந்த நொதிக்கும் இடையே, செயல்படாத, ஆனால் மீளக்கூடிய ஒரு நிலை உண்டு என்பதும், வெப்பம் ஏறும்போது மூலக்கூறுகள் முதலில் அந்நிலைக்கே சாய்கின்றன என்பதும் அவ்விளக்கத்தின் சாரம். சிதையாமலேயே நொதியின் விரைவு குறைவதைப் பழைய கொள்கையைவிட இது நன்றாக விளக்குகிறது.

கரும்புக்கு வருவோர் முதலில் சந்திக்கும் நொதி இன்வர்டேஸ். சுக்ரோஸ் என்னும் கரும்புச் சர்க்கரையை இது நீரின் துணையோடு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிளக்கிறது. வளரும் கரும்பில் இது மிகுந்து, கணுவிடைகள் நீள்வதற்கு வேண்டிய எளிய சர்க்கரையை வழங்குகிறது. மார்கழிக்குப் பின் குளிர்ந்த இரவும் வறண்ட பகலும் சேரும்போது வளர்ச்சி தளர்ந்து, இன்வர்டேஸ் அடங்கி, தண்டில் சுக்ரோஸ் சேர்கிறது. உழவர் முதிர்ச்சி என்று சொல்வதை நொதியின் மொழியில் இன்வர்டேஸின் அடக்கம் என்று சொல்லலாம். வெட்டிய பின் இந்த அடக்கம் நீடிப்பதில்லை. வேரிலிருந்து நீர் வரத்து நின்று தண்டு உலரத் தொடங்க, சுவாசம் மட்டும் தொடர, இன்வர்டேஸின் செயல் மீண்டும் தலைதூக்குகிறது. வெட்டுவாய் வழியே நுழையும் லூக்கோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிரிகள் தம் பங்குக்குச் சுக்ரோஸைப் பிசினாக மாற்றுகின்றன. இவை அனைத்தும் வெப்பநிலையோடு விரையும் வினைகள். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்று ஆலைகள் வலியுறுத்துவதும், தையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நாள் தாமதம் சித்திரையில் பெருங்கேடாவதும் இதனால்தான்.

முண்டியம்பாக்கத்துத் தனியார் ஆலைக்கும் பெரியசெவலையிலுள்ள செங்கல்வராயன் கூட்டுறவு ஆலைக்கும் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகள் அரவை நெரிசலில் வரிசையில் காத்து நிற்கும் நாட்களில், வண்டியின் மேலேயே இவ்வினை நடந்துகொண்டிருக்கிறது. பிளவுண்ட சர்க்கரை படிகமாவதில்லை. அதுமட்டுமன்றி, உடனிருக்கும் சுக்ரோஸில் ஒரு பகுதியையும் படிகமாக விடாமல் கழிவுப்பாகோடு இழுத்துச் செல்கிறது. உழவருக்குக் கரும்பின் எடைப்படியும், ஆலையின் சராசரிச் சர்க்கரைக் கட்டுமானத்தை ஒட்டி அமையும் விலைப்படியும் பணம் தரப்படுவதால், உலர்வால் நேரும் எடைக்குறைவு அவருடைய கணக்கில் உடனே தெரிகிறது. இன்வர்டேஸ் தின்ற சர்க்கரையோ தனி ஒருவர் கணக்கில் தெரியாமல் அனைவருடைய சராசரியிலும் கரைந்துபோகிறது. கண்ணுக்குத் தெரியாத இழப்பைக் குறைக்க யாருக்கும் ஊக்கம் பிறக்காத இந்த ஏற்பாடு, வெட்டு உத்தரவுகளை வெயிலுக்கேற்ப ஒழுங்குபடுத்துவதில் காணப்படும் மெத்தனத்துக்கு ஒரு காரணமாகலாம். வெட்டிய கட்டுகளைச் சோகையால் மூடி நீர் தெளித்து வைக்கும் பழைய வழக்கம், தண்டின் வெப்பநிலையைச் சில டிகிரி தாழ்த்தி, உலர்வையும் தடுப்பதால், உயிர்வேதியியல் நோக்கிலும் சரியானதே.

ஆலைக்குள் சாறு சூடேறும்போது கதை வேறு. இன்வர்டேஸ் விரைவில் சிதைந்துவிடுகிறது. ஆனால் சாற்றின் அமிலத்தன்மையே, அர்ரீனியஸ் அளந்த அதே வினை வழியில், சுக்ரோஸைப் பிளக்கத் தொடங்குகிறது. அமிலத்துக்கு இயல்பிழத்தல் கிடையாது. வெப்பம் ஏறஏற அதன் விரைவு ஏறிக்கொண்டே போகும். சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை நீக்கிய பிறகே சாற்றைக் கொதிக்க விடுவதன் தேவை இங்கே விளங்கும். இன்வர்டேஸின் வெப்ப வரலாற்றில் இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் பீர் ஆலை வேதியியலாளராக இருந்த கொர்னேலியஸ் ஓசல்லிவனும் ஃபிரெடரிக் டாம்சனும் 1890இல் வெளியிட்ட ஆய்வில், கரும்புச் சர்க்கரை உடனிருக்கும்போது ஈஸ்ட்டின் இன்வர்டேஸ், அது இல்லாதபோது தாங்கும் வெப்பத்தைவிட 25 டிகிரி கூடுதலாகத் தாங்குகிறது என்று கண்டனர். நொதி தன் வினைபொருளோடு இணைந்து நிற்கிறது என்ற கருத்துக்குக் கிடைத்த முதல் சான்றுகளுள் ஒன்று இது. 1913இல் மைக்கேலிசும் மாட் மென்டெனும் அதே இன்வர்டேஸைக் கொண்டு அக்கருத்தைக் கணித வடிவுக்குக் கொண்டுவந்தனர். நொதியின் வெப்பத் தாங்குதிறன் அதன் சூழலையும் சார்ந்தது என்ற பாடம் சர்க்கரையிலிருந்து கிடைத்தது. அதே பாடத்தை விதையில் நீர் கற்பிக்கிறது.

திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், ஊர்ப்பெயரின் சுருக்கத்தைத் தாங்கிய டி.எம்.வி. வரிசை மணிலா, எள் இரகங்களால் நாடறிந்தது. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 மணிலா இரகம் தென்னிந்தியாவின் மானாவாரி நிலங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. மணிலா விதையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். மார்கழிப் பட்டத்தில் விதைத்த இறவைப் பயிர் கோடையில் பறிக்கப்பட்டு, அதன் காய்கள் ஆடிப் பட்டத்துக்கு விதையாகின்றன. இடைப்பட்ட மாதங்களே ஆண்டின் மிகக் கொடிய வெயில் மாதங்கள். சான்று பெற்ற மணிலா விதைக்குக் குறைந்தது 70 விழுக்காடு முளைப்புத்திறனும், 9 விழுக்காட்டுக்கு மிகாத ஈரப்பதமும் இருக்க வேண்டும் என்பது இந்திய விதைச்சான்று விதி. கோடை மணிலா இந்த 70ஐத் தக்கவைத்துக்கொள்ளத் திணறுவது உழவரும் விதைச்சான்றுத் துறையினரும் நன்கறிந்த தொல்லை.

பறித்த காயில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஈரம் உண்டு. நீர் மிகுந்த புரதம் எளிதில் விரிகிறது. நீர் இழந்த புரதம், சங்கிலிகள் அசைய இடமின்றி, பெருவெப்பத்தையும் தாங்குகிறது. ஆகையால் ஒரே வெயில், பச்சைக் காய்க்குச் செய்யும் கேட்டை உலர்ந்த காய்க்குச் செய்வதில்லை. வெறுங்களத்தின் மேல்பரப்பு காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும் நண்பகலில் பச்சைக் காயைப் பரப்புவது, விதைக்கருவின் நொதிகளை அவற்றின் மிக வலுக்குறைந்த நிலையில் சூட்டுக்கு ஒப்புக்கொடுப்பதாகும். செடிகளைக் காய் மேலாக நேர்வெயிலில் விரிக்காமல், நிழல் விழுமாறு அடுக்கி, மெல்ல உலர்த்தும் முறைகளை எண்ணெய்வித்து ஆய்வாளர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். உலர்ந்து கிடங்கில் சேர்ந்த பின் வருவது வேறொரு வகைக் கேடு. லைபேஸ் என்னும் கொழுப்புச் சிதைக்கும் நொதி குறைந்த ஈரத்திலும் மெல்ல வேலை செய்து தனிக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. நொதியின் துணையில்லாமலேயே உயிர்வளி எண்ணெயைத் தாக்குகிறது. அத்தாக்குதலிலிருந்து உயிரணுவைக் காக்கும் கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற காவல் நொதிகள் விதை மூப்படைய மூப்படையத் தேய்கின்றன. விதையியலாளர் ஹாரிங்டன் வகுத்த கணக்குப்படி, விதையின் ஈரம் 1 விழுக்காடு குறைந்தாலோ, கிடங்கின் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தாலோ, விதையின் ஆயுள் இரட்டிக்கிறது. தோலுரித்த பருப்பாக அன்றிக் காயாகவே விதையைச் சேமிக்கும் வழக்கம், உயிர்வளித் தாக்குதலுக்கும் உடைசலுக்கும் எதிரான கவசத்தை நீட்டித்து வைக்கிறது. விதை உயிரோடிருக்கிறதா என்று அறியும் டெட்ராசோலியம் சோதனையும் ஒரு நொதிச் சோதனையே: உயிருள்ள கருவின் டிஹைட்ரஜனேஸ் நொதிகள் நிறமற்ற அந்த உப்பைச் சிவப்பாக்குகின்றன, செத்த பகுதி வெளுத்தே நிற்கிறது.

வயலில் நிற்கும் பச்சை இலைக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. இங்கே உண்மையிலேயே ஒரு நொதி தோற்கிறது. கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பாதையின் தலைவாயிலில் நிற்பது ருபிஸ்கோ. நெல்லிலும் மணிலாவிலும் இது சில வேளைகளில் கரியமில வாயுவுக்குப் பதில் உயிர்வளியைப் பிடித்துவிடுகிறது. ஒளிச்சுவாசம் என்னும் இந்த வீண்செலவு வெப்பம் ஏறஏற மிகுகிறது. கரும்பு இதற்கு ஒரு தனி வழி கண்டுள்ளது: உயிர்வளியைத் தீண்டாத வேறொரு நொதியால் கரியமில வாயுவை முதலில் பிடித்து, ருபிஸ்கோ இருக்கும் உள்ளறையில் அதைச் செறிவாகக் குவிக்கிறது. 1960களில் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்பாதையைக் கண்டறிந்தவர்கள் ஆராய்ந்தது கரும்பு இலையையே. ஒரே மேட்டில் பக்கத்துப் பக்கத்து வயல்களாக நிற்கும் கரும்பும் மணிலாவும் வைகாசி வெயிலில் காட்டும் தெம்பு வேறுபாட்டுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ருபிஸ்கோ மிகவும் உறுதியான புரதம். 50 டிகிரிக்கு அருகிலும் எளிதில் சிதையாது. ஆனால் அதன் செயல்மையத்தில் சிக்கிக்கொள்ளும் சர்க்கரைத் துணுக்குகளை அகற்றி அதை இயங்க வைக்கும் துணைப் புரதமான ருபிஸ்கோ ஆக்டிவேஸ், பல பயிர்களில் 35 டிகிரிக்கு மேலேயே தடுமாறுகிறது. முதலாளி திடமாக இருக்க, கணக்குப்பிள்ளை சுருண்டு விழுந்ததால் கடை மூடியது போன்ற நிலை இது. ஆஸ்திரேலியாவின் வெப்பப் பகுதியில் வளரும் காட்டுநெல் ஒன்றின் ஆக்டிவேஸ் பயிர்நெல்லின் ஆக்டிவேஸைவிடக் கூடுதல் வெப்பம் தாங்குகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு, ஒரே ஒரு புரதத்தை மாற்றுவதன் வழியே நெல்லின் வெப்பத் தாங்குதிறனைக் கூட்டலாம் என்ற நம்பிக்கையை வலுப்படுத்தியது.

பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் நெல்லில் மகரந்தம் சரிவரச் சிந்தாமல் பதர் மிகுகிறது. பால் பிடிக்கும் பருவத்தில் வெப்பம் கூடினால் மாவுப்பொருள் தொகுக்கும் நொதிகள் தளர்ந்து, அதைச் சிதைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் மிகுந்து, அரிசியின் வயிற்றில் சுண்ணாம்பு போன்ற வெண்மை படர்கிறது. பகல் வெப்பத்தைவிடக் குறைவாகவே பேசப்படும் இரவு வெப்பமும் முக்கியமானது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் தரவுகளைத் தொகுத்து 2004இல் வெளியான கட்டுரை, வறண்ட பருவத்தில் இரவுக் குறைந்த வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் நெல் விளைச்சல் 10 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. இரவில் எந்த நொதியும் சிதையும் சூடு இல்லை. சுவாச நொதிகள் சற்று விரைந்து, பகலில் சேர்த்ததைக் கூடுதலாகச் செலவழிப்பது இதற்கு ஒரு விளக்கம். அந்த ஒன்று மட்டும் 10 விழுக்காட்டை விளக்கிவிடுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

அறுவடைக்குப் பிந்தைய தொழில்களில் மனிதர் வெப்பத்தைத் தாமே கருவியாக்கிக்கொள்கின்றனர். முழு நெல்லில் தவிட்டின் லைபேஸும் எண்ணெயும் தனித்தனி அடுக்குகளில் இருக்கின்றன. பச்சரிசிக்கு அரைத்த கணமே இரண்டும் கலந்து, தனிக் கொழுப்பு அமிலம் நாளொன்றுக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை ஏறுவதாகக் குறிப்பிடப்படுகிறது. நெல்லை அவித்துப் புழுக்கும்போது நீராவியின் சூட்டில் லைபேஸ் மடிந்துவிடுவதால், புழுங்கல் அரிசி ஆலைத் தவிடு எண்ணெய் எடுப்போரிடம் கூடுதல் மதிப்புப் பெறுகிறது. பழைய முறையில் நெல்லை இரண்டு மூன்று நாள் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டதால் எழுந்த நாற்றமும் நொதித்தலின் விளைவே. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய 65–70 டிகிரி வெந்நீர் ஊறல் முறை, நுண்ணுயிரிகளை அடக்கி, ஊறும் நேரத்தைச் சில மணிகளாகக் குறைத்தது. பால் பதப்படுத்துதலில் நொதி ஒரு சாட்சியாகவே பயன்படுகிறது: பாலை 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கும்போது நோய்க்கிருமிகள் அழியும் அளவைச் சற்றே தாண்டித்தான் அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி அழிகிறது, அந்நொதி எஞ்சியிருந்தால் சூடு போதவில்லை என்று பொருள். இதில் ஒரு முரணும் உண்டு. குளிரூட்டிய பாலில் பெருகும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் சூட்டில் எளிதில் சாகின்றன. அவை சுரந்துவிட்டுப்போன லைபேஸும் புரதச் சிதைப்பு நொதிகளும் அச்சூட்டையும் மிகைச்சூட்டையும் தாங்கி நின்று, பின்னர் பாலைக் கெடுக்கின்றன.

உயிரினங்கள் தம் சூழலுக்கேற்ப நொதிகளை எவ்வாறு செதுக்கிக்கொள்கின்றன என்பதற்குக் கடலோரத்திலேயே சான்றுகள் கிடைக்கின்றன. மரக்காணம் உப்பளங்கள் போன்ற இடங்களின் அடர்ந்த உப்புநீரில் வாழும் நுண்ணுயிரிகளின் நொதிகளுக்கு உப்பே கட்டுக்கோப்பு. உப்பை நீக்கினால், வெப்பம் சிறிதும் ஏறாமலேயே, அவற்றுள் பல குலைந்துவிடுகின்றன. பசிபிக் கடலின் வெவ்வேறு அகலாங்குகளில் வாழும் சீலா மீன் இனங்களை ஒப்பிட்ட ஆய்வு, கடல்நீரின் வெப்பநிலையில் சில டிகிரி வேறுபாடே அவற்றின் தசை நொதியான லாக்டேட் டிஹைட்ரஜனேஸைப் பிரித்தறியத்தக்க அளவில் மாற்றப் போதுமானது என்று காட்டியது. குளிர்நீர் மீனின் நொதி நெகிழ்வானது, விரைவானது, எளிதில் சிதைவது; வெந்நீர் உயிரியின் நொதி இறுக்கமானது, நிலையானது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1960களில் கண்டறியப்பட்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதியே, பின்னாளில் கொதிநிலையை ஒட்டிய சூட்டைத் திரும்பத் திரும்பத் தாங்கி, மரபணுச் சோதனைகளுக்கு அடிப்படையானது.

மனித உடல் 37 டிகிரியில் தன்னை நிறுத்திக்கொள்வதால், உடல் வெப்பம் 40ஐத் தாண்டினால் 'நொதிகள் அழிந்துவிடும்' என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சோதனைக் குழாயில் மனித நொதிகளுள் பெரும்பாலானவை 45 டிகிரியிலும் இயங்குகின்றன; 40 முதல் 45 டிகிரிக்குள் விரியத் தொடங்கும் புரதங்கள் சிலவே. வெப்பத்தாக்கத்தின் கேடு, அச்சிலவற்றின் குலைவோடு, உயிரணுச் சவ்வுகள் தளர்வதும், குடலின் தடுப்புச்சுவர் கசிந்து நச்சுகள் இரத்தத்தில் கலப்பதும், அனைத்து வினைகளும் ஒருசேர விரைந்து உயிர்வளித் தேவை வழங்கலை மிஞ்சுவதும் சேர்ந்து விளைவது. 1962இல் இத்தாலியரான ஃபெருச்சியோ ரிடோசா பழ ஈக்களில் முதன்முதலாகக் கண்ட வெப்ப அதிர்ச்சி எதிர்வினை, குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடித்து மீண்டும் மடிக்கும் துணைப் புரதங்களை உயிரணு அவசரமாக உருவாக்குவதாகும். வெயிலுக்குப் பழகிய உடலில் இவை முன்னரே கூடுதலாக இருக்கும். சித்திரையில் திடீரென வயலுக்கு வரும் கரும்பு வெட்டுக் கூலியாள், இரண்டு வாரம் வெயிலில் பழகியவரைவிட எளிதில் சாய்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அவ்வாறு சாய்ந்தவரை நிழலுக்கு மாற்றி, உடல் முழுவதும் குளிர்நீர் ஊற்றியோ குளிர்நீரில் அமிழ்த்தியோ அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தை 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவருவதே, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதற்கும் முன்னதாகத் தொடங்க வேண்டிய சிகிச்சை.